ஆயிரத்தில் ஒரு பங்கு

மழைக்குப் பயந்து ஓடிவந்தவன் அவன். மசோதாவுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தவள் அவள். சட்டமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருவரும் மோதிக்கொண்டபோது, நல்லவேளையாக நடுவில் ஒரு ஸ்பாஞ்சு மெத்தை இருந்தது.

குழுவுக்கு மாதிரி காட்ட அவன் தோளில் சுமந்து வந்த சோபா மெத்தை அது. அடியொன்றும் படவில்லை... ஆனால் அவள் கையிலிருந்த தாள்கள் ஈரத் தரையெங்கும் பரவின.

"கண்ணு தெரியாதா சார் உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும் மேடம். மெத்தைக்குத்தான் தெரியாது."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். குனிந்து தாள்களைப் பொறுக்கியவனின் இமைகளில் மழைத்துளிகள் விழ மனமின்றித் தயங்கி நின்றன. ஓர் ஆண்பிள்ளைக்கு இத்தனை அழகான கண்கள் எதற்கு... என்று நினைத்தவள், அந்த நினைப்புக்குத் தானே வெட்கினாள்.

அவனோ ஒரு தாளிலேயே நின்றுவிட்டான். சோபா, மெத்தை போன்ற வீட்டுப் பொருள்களில் சேர்க்கப்படும் நச்சுத் தீத்தடுப்பு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் மசோதா அது. அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வுக் குழுவின் ஒப்புதலுக்கு வரவிருந்தது.

"'பொருளின் மொத்த எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருத்தல் கூடாது...' இதை எழுதினவங்க சோபாவைத் தூக்கிப் பார்த்ததே இல்லை போல."

"எழுதினது நான்தான்."

"ஓ..."

அப்போதுதான் அவன் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கவனித்தாள். சோபா உற்பத்தியாளர் சங்கம். ஆறு மாதமாக மசோதாவை எதிர்த்து வந்த சங்கம்.

"உங்க சங்கத்துக்கு இந்தச் சட்டமே பிடிக்காது. குறை சொல்லத்தான் வருவீங்க." தாள்களை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"நாங்க இப்பல்லாம் குறையே சொல்றதில்லை மேடம். எல்லாரும் சந்தோஷமா இருக்கோம். ஏன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அறைக்குள் வந்து அமர்ந்த பிறகும் அந்தக் குரல் விடவில்லை. ஏன்... ஏன் சந்தோஷம்?

அந்த வரியை அவள் புதிதாக எழுதவில்லை. பொம்மைகளுக்கான பழைய சட்டத்திலிருந்து எடுத்து அப்படியே ஒட்டியிருந்தாள். பொம்மை முழுவதும் ஒரே பிளாஸ்டிக். சோபா அப்படியா? மரம், இரும்பு, துணி... ரசாயனம் இருப்பதோ ஸ்பாஞ்சில் மட்டும். நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள்.

அவன் இன்னும் அதே திருப்பத்தில், தன் மெத்தையின் மேலேயே அமர்ந்திருந்தான்.

"சார்... ஒரு சோபாவை எடை போடணும்."

"எந்தச் சோபாவை?"

"எங்க வரவேற்பறையில ஒண்ணு இருக்கு. தபால் பிரிவுல தராசு இருக்கு. ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன்."

ஆளுக்கொரு முனையாகச் சோபாவைத் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்ததைக் கண்ட காவலாளி நிதானமாகக் கேட்டார்: "வீடு மாத்துறீங்களாம்மா? சாரும் கூடவே வர்றாரா?"

அவளுடைய காது மடல்கள் சிவந்தன. அவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

மொத்தச் சோபா அறுபது கிலோ. உறையைக் கழற்றி எடுத்த ஸ்பாஞ்சு நான்கே கிலோ.

"மொத்த எடைன்னா அறுபது கிராம் ரசாயனம் போடலாம். ஸ்பாஞ்சை மட்டும் பார்த்தா நாலு கிராம்தான்."

"பதினஞ்சு மடங்கு..." அவள் குரல் தேய்ந்தது.

"சோபாவைக் கனமான மரத்துல செஞ்சா இன்னும் கூடப் போடலாம். உங்க சட்டம் யாரையும் பிடிக்காது மேடம்."

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

அவன் ஸ்பாஞ்சை மீண்டும் உறைக்குள் திணித்தான். "எங்க பட்டறையில ஸ்பாஞ்சு வெட்டுறது என் அக்கா. ஒன்பது வருஷமா அந்தத் தூசியிலதான் இருக்கா. இப்ப அவ குழந்தை அதே தரையில தவழுது... சங்கத் தலைவர் எங்க அப்பாதான். வாயைத் திறக்காதேன்னு சொல்லித்தான் அனுப்பினார்."

மணி மூன்றாவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. மசோதா வரைவுப் பிரிவில் அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. முதல் மசோதாவிலேயே பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்... இல்லையென்றால் அந்தக் குழந்தை அப்படியே தவழட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

குழு கூடியதும் அவளே எழுந்தாள்.

"இந்தப் பிரிவிலுள்ள பிழை என்னுடையது. அன்புகூர்ந்து திருத்த அனுமதிக்க வேண்டும்." எடைக் கணக்கைப் படித்துக் காட்டினாள்.

குழுத் தலைவியான அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் பக்கவாட்டு வரிசையிலிருந்து அவன் எழுந்தான். "நான்தாம்மா. சோபா செய்யறவன்."

கடைசி வரிசையில் வந்து அமர்ந்திருந்த சங்கத் தலைவரின், அவனுடைய தந்தையின், முகம் இறுகியது.

"சங்கமும் இதை ஏத்துக்குதா?"

பெரியவர் மெதுவாக எழுந்தார். அவள் கண்களை மூடிக்கொண்டாள்...

"சங்கம் ஏத்துக்காதும்மா. அதை நான் பேசிக்கறேன். என் பேரன் கையில கிடைக்கிற ஸ்பாஞ்சையெல்லாம் வாயில வைக்கிறான். பையன் சொன்னதுதான் சரி. எழுதிக்கோங்க."

'ஒவ்வொரு பாகத்தின் எடையிலும்' என்று பிரிவு திருத்தப்பட்டது. எதிர்ப்பின்றி ஒப்புதலும் கிடைத்தது.

வெளியே வந்த பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் எழுதின பொண்ணாம்மா?"

"தப்பா எழுதின பொண்ணுங்க."

"நான் தப்புன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தவன். ரெண்டு வாரமாத் தூக்கமில்லை. இவன் போட்டு உடைச்சதும்தான் நிம்மதியா இருக்கு." மகனின் பக்கம் திரும்பினார். "நான் முன்னாடி போறேன். நீ மெதுவா வா, மழை பெய்யுது."

"மழை விட்டுடுச்சேப்பா."

"அப்ப இன்னும் மெதுவா வா."

படிகளில் இருவர் மட்டும் நின்றார்கள்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"கண்டிச்சு ஒரு கடிதம் வருமாம். அவ்வளவுதான்."

"அடுத்த மசோதாவுல... ஏதாவது பிழை இருக்குமா?"

"இருக்கவே இருக்காது."

"இருந்தா நல்லாயிருக்கும்னு தோணுது..." அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "உங்களைப் பார்க்க வர வேற காரணம் எனக்குக் கிடைக்கலை."

'எனினும்', 'ஆயின்', 'உட்பட்டு' என்ற சொற்களின்றி ஒரு வாக்கியமும் எழுதிப் பழகாதவள் அவள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"காரணம் வேண்டாம். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "நிபந்தனை ஏதும்...?"

"ஒண்ணும் இல்லை," என்றாள்.