கேமராப் பெட்டி வயர்

கனிஷ்கா பொத்தானை அழுத்துவதற்கு முன்பே திரையில் இருந்த பொம்மை குதித்தது.

சந்தோஷ்குமார் முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு நாளாக வயர்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவனுக்கு, படம் ஒழுங்காக வந்ததே பெரிய காரியமாக இருந்தது. பரணிலிருந்து இறக்கிய அந்த வீடியோ கேம் பெட்டி அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் சேலத்தில் வாங்கியது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று பின் துருத்திக்கொண்டிருக்கிற காலத்துச் சாமான். சுவரில் மாட்டியிருந்த புது டிவியிலோ அந்த மூன்று ஓட்டைகளில் ஒன்றுகூட இல்லை. எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு, பக்கவாட்டில் ஹெட்போன் சொருகுகிற மாதிரி ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். என்ன புது டிவியோ!

முதலில் கடைக்காரர் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி கொடுத்தார். மஞ்சள் பின்னில் வருவதை எச்டிஎம்ஐயாக மாற்றித் தரும் பெட்டி. படம் வந்தது, ஆனால் அழுத்தியதற்கும் குதிப்பதற்கும் நடுவே ஒரு கொட்டாவி விடலாம். பொம்மை குதிக்க நினைப்பதற்குள் பள்ளத்தில் விழுந்து செத்தது. "ஏனுங்கப்பா, இந்தப் பொம்மைக்குக் காது கேக்காதுங்களா?" என்று கனிஷ்கா நேற்று விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து வாங்கியது, ஒரு முனையில் சின்ன பின்னும் மறுமுனையில் மூன்று நிறமும் உள்ள வயர். அதில் படம் கறுப்பு வெள்ளையாகி உருண்டது, ஸ்பீக்கர் உறுமியது. "சின்ன பின்னு எல்லாமே ஒண்ணு இல்லீங்க. உள்ளாற வளையம் மாறியிருக்கும். உங்க டிவிக்குத் தோதானதாப் பாத்து வாங்கோணும்" என்றார் கடைக்காரர். வாங்கும்போது சொல்லவில்லை, மகராசன்.

அப்போதுதான் வேனில் கிடந்த வயர் ஞாபகம் வந்தது. சந்தோஷ்குமாருக்குப் பிழைப்பு போர்வெல் கேமரா. குழிக்குள் மோட்டார் சிக்கிக்கொண்டாலோ, ஊற்று எங்கே கசிகிறது என்று பார்க்கவேண்டும் என்றாலோ, வட்ட விளக்கு வைத்த கேமராவை உள்ளே இறக்கி, மேலே ஒரு குட்டி டிவியில் தோட்டக்காரருக்குக் காட்டுவான். அந்தக் குட்டி டிவிக்குப் போவதும் இதே மாதிரி வயர்தான். ஆனால் அவன் மனைவி சரிதா, குழிக்கு இறங்குகிற கேமராவையும் அதோடு சேர்ந்த எதையும் வாசல்படி தாண்ட விடமாட்டாள். "குழிச் சாமான் ஊட்டுக்குள்ள ஆகாதுங்க" என்பாள். எல்லாம் வேனோடு சரி. இந்த வயர் குழிக்குள் இறங்கவே இல்லையே, மேலேயேதானே கிடக்கிறது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு எடுத்து வந்தான். சரிதா மில்லில் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தாள். கேட்க ஆளில்லை.

சொருகியதும் படம் கண்ணாடி மாதிரி வந்தது. அப்போதுதான், பொத்தானை அழுத்தும் முன்பே பொம்மை குதித்தது.

"கண்ணு, நீ அழுத்துனியா இப்ப?"

கனிஷ்கா இல்லை என்று தலையாட்டினாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலையிலிருந்தே பேச்சில்லை. பள்ளி விடுமுறை, வீட்டில் தனியாக விட முடியாது என்று ஜேடர்பாளையத்தில் அருணகிரி என்பவரின் தோட்டத்துப் போர்வெல்லைப் பார்க்க அவளையும் கூட்டிப்போயிருந்தான். அவன் கேமரா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் குப்புறப் படுத்து, போர்வெல் குழாயின் விளிம்பில் வாயை வைத்து, உள்ளே பார்த்து "ஓய்ய்" என்று கூப்பிட்டாள். கீழேயிருந்து வந்த "ஓய்ய்" கேட்டுச் சிரித்தாள். மறுபடி கூப்பிட்டாள். "தள்ளி வா சாமி, அங்க என்ன வெளையாட்டு!" என்று அதட்டினான். வண்டியில் ஏறியவள் வீடு வந்த பிறகும் வாயே திறக்கவில்லை. கோபம் போல என்று விட்டுவிட்டான்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம்தான், ஆனாலும் கூடத்தில் டிவி வெளிச்சம் மட்டும் தனியாகத் தெரிந்தது. மின்விசிறி வெக்கையைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. அந்த வெக்கையின் நடுவே, எங்கிருந்தோ, குளிர்ந்த மண் வாசனை வந்தது. மழை வாசனை இல்லை. அதை அவன் நன்றாக அறிவான். குழியிலிருந்து கேமராவை மேலே இழுக்கும்போது கூடவே ஏறிவருகிற, வெயிலையே பார்க்காத சேற்றின் வாசனை.

திரையில் பொம்மை ஒரு பள்ளத்தில் விழுந்தது. இந்த முறை சாகவில்லை. விழுந்துகொண்டே இருந்தது. கோட்டையும் மரமும் மேலே போய் மறைந்தன, பாட்டு நின்றது, நிறங்கள் கரைந்து சாம்பலாகின. பிறகு திரையில் ஒரு வட்டம். ஈரம் மின்னும் கல் சுவர், நடுவே இருட்டு, மூலையில் ஆழத்தைச் சொல்லும் அடிக்கணக்கு. எத்தனை வருஷமாகப் பார்க்கிற படம்! போர்வெல்லுக்குள் கேமரா இறங்கும் படம்.

கேமரா வேனில் இருந்தது. பெட்டியில் வைத்துப் பூட்டியது அவன் கைதான்.

கனிஷ்கா கீழ்ப் பொத்தானை அழுத்தினாள். படம் கீழே இறங்கியது. டிவியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்ச் சத்தம் வந்தது. செம்மண் அடுக்கு தாண்டி, வெள்ளைக்கல் அடுக்கு தாண்டி, ஓரத்தில் ஒரு வெடிப்பு. காலையில் அருணகிரிக்கு விரல் வைத்துக் காட்டிய அதே வெடிப்பு.

"போதும், வெய் சாமி."

அவள் வைக்கவில்லை. அடியில் தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு முகம்.

முடியில் பச்சை கிளிப். காலையில் அவனே குத்திவிட்டது. நெற்றியில் கலைந்த பொட்டு. விளக்கு கூசி, கண்ணைச் சுருக்கி, அது மேலே பார்த்தது.

"அப்பா, இருட்டா இருக்குதுங்கப்பா."

நாலரை இஞ்சுக் குழி. பிள்ளையின் தலைகூட நுழையாது. அவனுக்குத் தெரியாதா? நுழையவே நுழையாது. பக்கத்தில் பார்த்தான். சோபாவில் உட்கார்ந்திருந்தவளின் தலையிலும் பச்சை கிளிப் இருந்தது.

பாய்ந்துபோய் கேம் பெட்டியின் மின்வயரைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது. படம் அணையவில்லை. இழுத்த இழுப்பில் டிவியின் பக்கவாட்டுப் பின் தளர்ந்து, திரை நீலமானது. 'சிக்னல் இல்லை.' அப்பாடா என்று மூச்சு விட்டான். படம் போய்விட்டதே, பிள்ளை எங்கே? கட்டைவிரலால் பின்னை உள்ளே அழுத்தினான். முகம் வந்தது. முன்பைவிடச் சின்னதாக. அடிக்கணக்கு கூடியிருந்தது. தண்ணீர் கழுத்துவரை ஏறியிருந்தது.

விரலை எடுத்தால் பின் நழுவியது. நழுவினால் அவள் இன்னும் கீழே போனாள். இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டான். அதன் பிறகு விரலை எடுக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, வலக் கட்டைவிரலால் பின்னைப் பிடித்தபடி, இடக்கையால் அருணகிரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"சொல்லுங்க தம்பி."

"போர் மூடியத் தெறந்து பாருங்க. சீக்கிரமுங்க."

"காத்தாலதான போல்ட்டு போட்டம். என்னத்த உட்டுட்டுப் போனீங்க?"

"எம்புள்ள... தெறங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"பாப்பாவ வண்டில ஏத்தி வுட்டது நாந்தானுங்களே? செரி, இருங்க, வாரேன்."

செருப்புச் சத்தம், நாய் குரைப்பு, ஸ்பேனர் சத்தம். பிறகு டிவியிலிருந்து இரும்பு உரசும் சத்தம். மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தது. தண்ணீரில் இருந்த முகம் மலர்ந்தது.

"மாமா! நான் இங்க இருக்கறனுங்க மாமா!"

"ஒண்ணையுங் காணமுங்க" என்றார் அருணகிரி போனில். அதே வார்த்தைகள் டிவியிலும் கிணற்றொலியாய் வந்தன. "ஒரே இருட்டு. தண்ணிச் சத்தங்கூட இல்லீங்க."

"கத்தறாளே! கேக்கலீங்களா?"

"யாருங்க?"

சந்தோஷ்குமார் வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு சின்னக் கை, ஈரமாய், சில்லென்று, அவன் இடக்கையிலிருந்து போனை உருவிக்கொண்டது. எப்போது எழுந்து வந்தாள்? தாவிப் பிடிக்கப் போனான். பின் அசைந்தது. படம் நடுங்கியது. அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா" என்றாள் அவள். வண்டியில் ஏறியதற்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு. கனிஷ்காவின் குரலேதான். "அப்பா சும்மா வெளையாடறாருங்க. மூடிடுங்க மாமா."

"அட, பாப்பாவா! உங்கொப்பன் பண்ற கூத்துக்கு அளவே இல்ல போ. மூடிடறேன் சாமி."

"மூடாதீங்க" என்று கத்தினான். கத்தினதாகத்தான் நினைத்தான். தொண்டையில் வெறும் காற்று.

போன் அணைந்தது.

டிவியில் இரும்பு மூடி விழுந்தது. போல்ட் இறுகியது. ஒன்று. இன்னொன்று. வெளிச்சம் போய், கேமராவின் வட்ட விளக்கு மட்டும். அந்த வெளிச்சத்தில் அவன் மகள் அழத் தொடங்கினாள்.

"அப்பா! அப்பா! வாங்கப்பா!"

விட்டுவிட்டு ஓடலாம். வேனை எடுக்கலாம். ஜேடர்பாளையம் என்ன, வண்டி பறந்தால்... விரலை எடுத்தால்? தண்ணீர் அவள் மோவாயில். ஐயோ, விரலை எடுத்தால்? கட்டைவிரல் மரத்தது. கால் நகரவில்லை.

போனை உருவியவள் சோபாவுக்குத் திரும்பினாள். கால்களை மடக்கி உட்கார்ந்தாள். கேம் ரிமோட்டைக் கீழே வைத்தாள். டிவி ரிமோட்டை எடுத்தாள்.

"சத்தமா இருக்குதுங்கப்பா" என்றாள்.

திரையின் அடியில் ஒலிக்கோடு தோன்றியது. குறைந்தது. இன்னும் குறைந்தது. வாங்கப்பா. வாங்கப்பா. கொசு ரீங்காரம் அளவுக்கு. பிறகு அதுவும் இல்லை.

திரையில், தண்ணீர் உதட்டைத் தொட்ட பிறகும், வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.