அம்மா ஏறாத ரோப்கார்

'இந்தத் தடவை அம்மாவைத் தப்ப விடக் கூடாது!'

காலையில் கண் விழித்ததுமே கடுகு எடுத்த சபதம் இது. வீட்டில் எல்லோரிலும் பொடிசு என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

அன்று இலையுதிர்கால விடுமுறையின் கடைசி நாள். மலையேறும் ரோப்காருக்கும் அதுதான் கடைசி நாள். இனி பனிமூட்டம் இறங்கிவிடும். அடுத்த கோடையில்தான் மறுபடி ஓடும். அதனால் வருடா வருடம் அன்று மாலை, அங்கே வேலை செய்பவர்களின் குடும்பங்களுக்கு இலவசப் பயணம்.

அப்பா, அண்ணன், வெளியூரிலிருந்து வரும் மாமா, கடுகு எல்லோரும் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சிவப்பும் மஞ்சளுமாக நிறம் மாறிய காட்டை ஆசை தீரப் பார்த்துவிட்டு இறங்குவார்கள்.

அம்மா மட்டும் கீழேயே நிற்பாள். ரோப்காரை ஓட்டுவதே அம்மாதானே! பொத்தானை அழுத்த ஆள் வேண்டாமா?

ஊரையே மேலே அனுப்புகிற அம்மா ஒரு தடவைகூட மேலே போனதில்லை. இது கடுகின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

அவள் நேரே மீசை அங்கிள் வீட்டுக்கு ஓடினாள். அம்மாவோடு வேலை பார்ப்பவர். அன்று அவருக்கு விடுமுறை.

"அங்கிள், சாயங்காலம் கொஞ்ச நேரம் வருவீங்களா? அம்மாவும் எங்களோட வரணும்."

"எனக்காக உங்கம்மா எத்தனை நாள் நின்னிருக்காங்க! வராம இருப்பேனா? ஆனா அவங்ககிட்ட இப்பவே சொல்லிடாதே. திடீர்னு போய் நிப்போம்."

மாலை வந்தது. மீசை அங்கிளும் வந்தார். அம்மாவின் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தார்.

"எழுந்திரும்மா. இன்னிக்கு நீ பயணி!"

அம்மாவின் முகம் வெளுத்தது.

"இல்ல... அந்தப் பெரிய சக்கரத்துக்கு எண்ணெய் போடணும்..."

"போட்டாச்சு."

"கண்ணாடி துடைக்கணும்..."

"பளபளன்னு இருக்கு. கிளம்பும்மா!"

அப்பாவும் அண்ணனும் மாமாவும் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கடுகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. அம்மா ஒரு காலைப் பெட்டிக்குள் வைத்தாள். சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

பிறகு குனிந்து, கடுகின் காதில் மட்டும் கிசுகிசுத்தாள்.

"எனக்கு உயரம்னா பயம்டி. யார்கிட்டயும் சொல்லிடாதே."

கடுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோப்கார் ஓட்டுகிற அம்மாவுக்கு உயரம் என்றால் பயமா?

"என்ன அங்கே ரகசியம்? சீக்கிரம் ஏறுங்க!" என்று அண்ணன் கத்தினான்.

எல்லோரும் அம்மாவையே பார்த்தார்கள். அம்மா இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னும் ஒரு நொடி போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடுகு உச்சியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். இதை விட்டால் இனி அடுத்த வருடம்தான். பெருமூச்சு விட்டாள். அப்புறம் தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தலை சுத்துது! பயமா இருக்கு! நான் வரமாட்டேன்! அம்மா, நீயும் என்கூடவே இரு!"

"அட, குழந்தை பயப்படுதே! அப்ப யாருமே போக வேண்டாம்" என்று முதல் ஆளாகக் கீழே குதித்தவர் மாமாதான்.

சக்கர அறைக்குப் பக்கத்திலேயே துணியை விரித்தார்கள். ரொட்டியைப் பிரித்தார்கள். கூடவே கடுகையும் வறுத்தெடுக்க ஆரம்பித்தார்கள்.

"பேரு மட்டும் கடுகு. காரம் எங்கே போச்சு?" என்றார் மாமா.

"இனிமே மாடிப்படி ஏறவும் துணைக்கு ஆள் வேணுமா?" என்றான் அண்ணன்.

கடுகு வாயைத் திறக்கவில்லை, முட்டையைத் தின்பதற்கு மட்டும் திறந்தாள்.

அம்மா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"போதும், நிறுத்துங்க. பயந்தது அவ இல்ல. நான்."

"நீயா?" என்றார் அப்பா.

"ஆமா. கீழே நின்னு ஜனங்களைப் பத்திரமா அனுப்பறது எனக்குப் பிடிக்கும். ஆனா தரையை விட்டுக் காலை எடுக்கவே முடியாது. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல. என்னைக் காப்பாத்தத்தான் இவ பேச்சு வாங்கிட்டிருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. மாமா மட்டும் நெளிந்தார். தொண்டையைச் செருமினார்.

"அக்கா... நான் பெட்டியில ஏறினா இறங்கற வரைக்கும் கண்ணையே திறக்க மாட்டேன்."

"அடப்பாவி மாமா! அதான் 'என்னடா தெரியுது, என்னடா தெரியுது'ன்னு என்னை நச்சரிச்சீங்களா?" என்று அண்ணன் துள்ளி எழுந்தான்.

இப்போது மலையே அதிரும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. அம்மாவின் சிரிப்புதான் அதில் பெரியது.

அவள் கடுகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு மேலே போக எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? இன்னும் வெளிச்சம் இருக்கு. போயிட்டு வா. நானே அனுப்பறேன்."

"அப்ப நீ எப்படிம்மா பார்ப்பே?"

கடுகு ஒரு கணம் யோசித்தாள். அப்பாவின் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு ஓடினாள். அப்பாவும் அண்ணனும் பின்னாலேயே ஏறினார்கள். "அக்காவுக்குத் துணை வேணும்ல!" என்று மாமா அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

மீசை அங்கிள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அம்மா கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். பெட்டி மெல்ல மேலே கிளம்பியது.

அம்மாவின் போன் அடித்தது.

"அம்மா, இப்ப பள்ளிக்கூடக் கூரை தெரியுது. தீப்பெட்டி மாதிரி இருக்கு! காடு முழுக்கச் சிவப்பு, நடுவுல ஒரே ஒரு மரம் மட்டும் பிடிவாதமா பச்சையா நிக்குது. உன்னை மாதிரியேம்மா!"

"அப்புறம்? அப்புறம்?" என்றாள் அம்மா, கண்கள் பளபளக்க.

"அக்கா, ஸ்பீக்கர்ல போடேன்!" என்று மாமா பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

எத்தனையோ தடவை போய்வந்த வழியை, மாமா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். அதுவும் காதால்!