இருபத்து மூன்று பாத்திரங்களும் அம்மாவின் டப்பாவும்

ஆபேலின் மதியச் சாப்பாடு அன்றும் அப்படியே திரும்பி வந்தது.

கரடிப் படம் போட்ட டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலையில் நான் வைத்த மூன்று இட்லிகளும் காய்ந்து போய் உட்கார்ந்திருந்தன. ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை.

"ஏன்டா சாப்பிடல?"

"இது அம்மாவோட டப்பா. எனக்கு என் டப்பாதான் வேணும்."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு இப்படி ஒரு தம்பி இருந்தால் உங்களுக்கும் வரும்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் ஆபேல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, அவனுக்கு நீல நிறத்தில் கரடிப் படம் போட்ட பிளாஸ்டிக் டப்பா வாங்கினோம். அவனோ அம்மாவின் ஸ்டீல் டப்பாதான் வேண்டும் என்று தரையில் உருண்டான். அது இரண்டு அடுக்கு டப்பா. அடியில் புள்ளி புள்ளியாக 'பா. கிருபா' என்று அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். அம்மா சிரித்துக்கொண்டே அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு, கரடி டப்பாவைத் தான் எடுத்துக்கொண்டார். பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், கரடி டப்பாவில் சாப்பிடுவார். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் கிண்டல் செய்வார்களாம். அம்மா அதையெல்லாம் சட்டை செய்யவே இல்லை.

ஜூலைக் கடைசியில் அம்மாவுக்கு வயிற்று வலி வந்தது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புற்றுநோய் என்றார்கள். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து எண்ணினால் நாற்பத்து மூன்றே நாள். அதற்குள் அம்மா இறந்துவிட்டார். என் கால் பரீட்சைகூட அப்போது ஆரம்பிக்கவில்லை.

அதன்பின் எங்கள் தெருவே சேர்ந்து எங்களுக்கு இரண்டு வாரம் சோறு போட்டது. காலையில் இடியாப்பம், மதியம் சாம்பார், ராத்திரி உப்புமா. யார் கொண்டுவந்தார்கள், யார் கழுவினார்கள், எதை யார் எடுத்துப்போனார்கள் என்று ஒன்றும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் ஆபேலின் டப்பா காணாமல் போய்விட்டது.

அன்றிலிருந்து பள்ளியில் அவன் சாப்பிடுவதே இல்லை. அப்பா புதிதாக ஒரு ஸ்டீல் டப்பா வாங்கிக்கொடுத்தார். "இதுல அம்மா பேர் இல்ல" என்று தள்ளிவிட்டான். வியாழக்கிழமை காலை பிரேயரில் மயங்கி விழுந்தான். அவன் மிஸ் போன் செய்ததும் அப்பா மறைமலை நகரிலிருந்து, ஃபேக்டரி யூனிஃபார்மோடு ஓடி வந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேஸ் தீர்ந்திருந்தது. என் யூனிஃபார்மில் பட்டன் இல்லை. மோட்டார் போட மறந்ததால் குழாயில் தண்ணீரும் இல்லை. இதெல்லாம் அம்மா பார்த்துக்கொண்ட வேலைகள். எனக்கும் அம்மா வேண்டும் போலத்தான் இருந்தது. டப்பா கேட்டு உருண்டு அழ ஏழாம் வகுப்புக்காரியால் முடியாதே!

சரி, அழ முடியாவிட்டால் தேட முடியும். அந்த டப்பாவைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறிப் பார்த்தேன். எங்கள் டப்பா இல்லை. ஆனால் எங்களுடையது அல்லாத பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. குக்கர், தூக்கு, ஹாட் பாக்ஸ், டிபன் கேரியர், மூடி இல்லாத அடுக்கு என்று இருபத்து மூன்று.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சோறு கொண்டுவந்தவர்களுடையது மாறி எங்களிடம் இருக்கிறது. அப்படியானால் எங்களுடையது மாறி இவர்களில் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். இதைத் திருப்பிக் கொடுத்தால் அது வந்துவிடும்.

"ஆபேல், உன் டப்பா கெடைச்சிடும்" என்றேன்.

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

சனிக்கிழமை காலை முதல் பாத்திரத்தோடு கிளம்பினேன். அது ஒரு தூக்கு. 'கிளியம்மாள்' என்று தெளிவாகப் பெயர் வெட்டியிருந்தது. சுலபமான வேலை என்று நினைத்தேன். முதல் வீட்டில் கிளியம்மாள் இல்லை. ஆறாவது வீட்டிலும் இல்லை. இரண்டு தெரு சுற்றியாயிற்று. தாம்பரத்து வெயிலில் தலை கொதித்ததுதான் மிச்சம். கிளியம்மாள் என்று யாருமே எங்கள் பக்கத்தில் இல்லை!

மூலை வீட்டு வாசலில் ஸ்ம்ருதி சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் நானும் ஒரே வகுப்பு. விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடிப்பாவி! அது பாத்திரக்காரங்க பேர் இல்ல. பரிசு கொடுத்தவங்க பேர். எங்க வீட்டுல இருபது பேர் பேர்ல பாத்திரம் இருக்கு. அதுல பாதிப் பேர் யாருன்னு எங்க அப்பாவுக்கே தெரியாது."

"அப்போ இது யாரோடது?"

"அது அந்தக் கிளியம்மாளுக்கே தெரியாது!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்ம்ருதி சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். துக்க வீட்டுப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று பயந்துபோனாள்.

"நிறுத்தாத. சும்மா சிரி" என்றேன். இந்த ஒரு மாதமாக எல்லாரும் என்னிடம் கிசுகிசு என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது.

அவள் சைக்கிளைத் துடைத்தபடியே மெதுவாகச் சொன்னாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டா? உங்க வீட்டுல எங்க குக்கர் இருக்கு. பெரிய குக்கர். அது இல்லாம எங்கம்மா ஒரு மாசமா திண்டாடுறா. நான் போய் வாங்கிண்டு வரேன்னேன். 'துக்க வீட்டுல போய்ப் பாத்திரம் கேக்கறதா? வாயை மூடு'ன்னு திட்டினா."

"இதுக்கா? கேட்டிருக்கலாமே!"

"யாருமே கேக்க மாட்டா. எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்திண்டிருப்பா."

வீடு வீடாகப் போய்ப் பயனில்லை. எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்தால்தான் அவரவர் பாத்திரத்தை அடையாளம் காட்ட முடியும். எங்கள் தெரு முழுக்க ஒரே இடத்துக்கு எப்போது வரும்? இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"லாரித் தண்ணி!"

எங்கள் பக்கத்து போர் தண்ணீர் ஒரே உப்பு. குடிப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு லாரி வரும். அப்போது குடத்தோடு வராத வீடே கிடையாது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"அப்புறம் பாத்துக்கலாம் ஜெரூ."

"அப்புறம்னா எப்போப்பா?"

"வெறும் பாத்திரத்தையா திருப்பிக் கொடுக்கறது? ஒரு கிண்ணம் வாங்கினாக்கூட உங்கம்மா அதுல ஏதாவது போட்டுத்தான் கொடுப்பா. எனக்கு வெந்நீர் வைக்கறதத் தவிர என்ன தெரியும்? இருபத்து மூணு வீட்டுக்கு நான் என்னத்த வெச்சுக் கொடுப்பேன், சொல்லு."

அடக் கடவுளே! இதற்காகத்தான் அப்பா அத்தனையையும் பரணில் ஏற்றி வைத்திருந்தாரா?

"அப்பா, ஆபேல் மயங்கி விழுந்துட்டான். உங்களுக்கு வெறும் பாத்திரம்தான் கவலையா இருக்கா?"

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். அப்பா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். போனவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பரணிலிருந்து ஒவ்வொரு பாத்திரமாக இறக்கினார். துண்டால் துடைத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"நான் வரல. எனக்கு யார் முகத்தையும் பாக்க முடியலம்மா. நீ போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வருவதற்கு முன்பே நானும் ஸ்ம்ருதியும் தெருமுனைக்குப் போய்விட்டோம். தரையில் பழைய போர்வையை விரித்து இருபத்து மூன்றையும் அடுக்கினோம். ஆபேல் காவல்காரன் மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

லாரி வந்தது. டிரைவர் அந்தோணிசாமி அண்ணா தலையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, காலங்காத்தால பாத்திரக் கடை போட்டுகினு கீற?"

"விக்கறதுக்கு இல்லண்ணா. சும்மா கொடுக்கறதுக்கு."

குடங்களோடு எல்லாரும் வந்தார்கள். போர்வையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், உடனே தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கிட்டே வரவில்லை. ஸ்ம்ருதியின் அம்மா தன் குக்கருக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, அதை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

இது வேலைக்கு ஆகாது. நான் லாரியின் பின்படியில் ஏறி நின்றேன்.

"ஆன்ட்டி, அங்கிள், எல்லாரும் கேளுங்க! நீங்க சாப்பாடு கொண்டுவரலேன்னா நாங்க பட்டினிதான். ரொம்ப தேங்க்ஸ். ஆனா உங்க பாத்திரத்த எல்லாம் எடுத்துக்குங்க. எங்க வீட்டுப் பரண்ல ஒரு கரப்பான்பூச்சி நடக்கக்கூட இடம் இல்ல!"

ஸ்ம்ருதியின் அம்மாதான் முதலில் சிரித்தார். அவ்வளவுதான். போர்வையைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது.

"இந்த ஹாட் பாக்ஸ் நம்மளது. மூடியில சூடு பட்ட கறை இருக்கு பாருங்க."

"அந்தத் தூக்கு என்னோடது! கிளியம்மாள் எங்க அத்தையோட சிநேகிதி."

ஒரு கரண்டிக்கு இரண்டு பேர் சண்டைகூடப் போட்டார்கள். தண்ணீர்க் குழாயை எல்லாரும் மறந்தே போனார்கள்.

"யம்மா, தண்ணி ரோட்டுல ஓடுது! குடத்தப் பாருங்கம்மா!" என்று அந்தோணிசாமி அண்ணா கத்தினார்.

பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இருபத்திரண்டு போய்விட்டன. கடைசியாக ஒரு சின்ன டிபன் கேரியர் மட்டும் மிஞ்சியது. போர்வையில் ஆபேலும் அந்தக் கேரியரும்தான்.

"அக்கா, என் டப்பா எங்க?"

இவ்வளவு பாடுபட்டும் அது வரவில்லை.

"எங்க அம்மா டப்பா யார் வீட்டுலயாவது இருக்கா?" என்று உரக்கக் கேட்டேன். "ரெண்டு அடுக்கு. அடியில கிருபான்னு பேர் இருக்கும்."

எதிர்வீட்டு ஜெயஸ்ரீ ஆன்ட்டி குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு வேகமாகத் தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்தார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"அந்தக் கேரியர் என்னோடதும்மா. அன்னிக்குக் கழுவிக் கொடுத்தவங்க இத மாத்திக் கொடுத்துட்டாங்க" என்றார். "எத்தனை தடவை உங்க கேட்டு வரைக்கும் வந்துட்டேன் தெரியுமா? கிருபா ஒரு நாளும் எனக்கு வெறும் பாத்திரத்தத் திருப்பித் தந்ததில்ல. அவ டப்பாவ நான் எப்படி வெறுசாக் கொடுக்கறது? என்ன சமைச்சு வெச்சாலும் அவ கைப்பக்குவம் வருமா? அப்படியே பாதியில திரும்பிடுவேன்."

அம்மா இறந்த அன்று நான் அழவில்லை. ஆபேலைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது அழுதேன். லாரிக்குப் பக்கத்தில், அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். ஜெயஸ்ரீ ஆன்ட்டியும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"இரும்மா, உள்ள போய்க் கேசரி கிண்டறேன். போட்டுத் தரேன்" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கையை நீட்டினேன்.

"வேணாம் ஆன்ட்டி. வெறும் டப்பாவாவே கொடுங்க. அதுல என்ன போடறதுன்னு நாங்க பாத்துக்கறோம்."

அவர் கொடுத்தார். ஆபேல் அதைத் தலைகீழாகப் பிடித்து, எழுத்துக்கூட்டி, "பா. கி-ரு-பா" என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான்.

திரும்பி நடந்தபோது எங்கள் கேட்டில் அப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ! தெருவைப் பார்த்து ஒருமுறை கைகூப்பினார். பிறகு எங்களோடு உள்ளே வந்து, "எலுமிச்சை சாதத்துக்கு முதல்ல எதத் தாளிக்கணும்?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது. போனில் பார்த்தோம். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, காலையில் அப்பா கடுகு தாளித்தார். அது வீடெல்லாம் வெடித்தது. வேர்க்கடலை கருகியது. நான் டப்பாவில் சாதத்தைப் போட்டு மூடினேன். அன்றைக்கு முழுக்க எனக்குப் பள்ளியில் ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் வேனிலிருந்து ஆபேல் இறங்கினான். நான் பையைப் பிடுங்கி டப்பாவைத் திறந்தேன். மேல் அடுக்கு காலி. கீழ் அடுக்கும் காலி.

"உப்பே இல்லக்கா" என்றான். "கடலையும் கசந்துது."

"அப்புறம் எதுக்குடா எல்லாத்தையும் தின்ன?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"பசிச்சுதுப்பா."

அப்பா சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு சத்தமாகவே சிரித்தார். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனார்.

நான் டப்பாவைத் தேய்த்துக் கழுவி, மறுநாளைக்காகக் கவிழ்த்து வைத்தேன்.