சோப்பாய்ப் போன எண்ணெய்

காலை 11.20. தர்மா டேங்க்கைத் திறந்தான். டீசலாக வேண்டிய இருநூறு லிட்டர் பழைய சமையல் எண்ணெய், கொழகொழவென்று சோப்பாகிக் கிடந்தது.

“இவன் வேணும்னே கெடுத்துட்டான். போலீஸுக்குப் போறேன்,” என்று குதித்தான் முதலாளியின் தொழில் பங்காளி ஐவன். திங்கட்கிழமை தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் தர்மாவுக்குப் புது வேலை. புகார் பதிவானால் அது அம்போதான்.

தர்மா ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் கலாதேவிக்குப் போன் போட்டான். ஈப்போவில் தனிக்கட்டையாக இருப்பவர். யார் கூப்பிட்டாலும் ஓடிவருவார்.

மதியம் 12.45. கலாதேவி வந்து சேர்ந்தார். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய கொட்டகையில்தான் டேங்க். சுற்றியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒன்றைத் தவிர எல்லாம் பூட்டிக் கிடந்தன. அந்த ஒன்றில் இருப்பவர் தர்மாவின் முதலாளி இருதயமேரி, விதவை.

கலாதேவி வாங்கிவந்த தே தாரிக் டீயை மேரி தொடவில்லை. “வேணாம்மா. பெரிய வெள்ளி, ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பாடு. சாயங்காலம் கோயில் கஞ்சிதான்.”

கலாதேவி தர்மாவிடம் திரும்பினார். “எண்ணெயில தண்ணி இருந்துச்சா, தம்பி?”

“இல்ல மேடம். எட்டரைக்குக் கொதிக்கக் காய்ச்சி, ஒரு கரண்டி எடுத்துச் சூடான சட்டியில ஊத்திப் பார்த்தேன். தண்ணி இருந்தா படபடன்னு வெடிக்கும், சத்தமே வரல. அப்புறம் ஈப்போ போய் மெத்தனால் வாங்கிட்டு, பத்தரைக்கு வந்து காஸ்டிக் சோடாவ அதுல கரைச்சு ஊத்துனேன்.”

எண்ணெயை டீசலாக்கும் வினையூக்கி அதுதான். தண்ணீர் கலந்தால் அதுவே சோப்பாக்கிவிடும்.

“நீங்க, ஐவன்?”

“லூமுட்லேர்ந்து பதினொண்ணுக்குத்தான் வந்தேன்லா. வழியில பெட்ரோல் போட்ட ரசீது இருக்கு.”

“வேற யாரும் வரல,” என்றார் மேரி. “நான் வாசல்லயே இருந்தேன்.”

“உங்க கையில என்ன கொப்புளம், மேரி?”

“காலையில அப்பளம் பொரிச்சேன். தெறிச்சிருச்சு.”

கலாதேவிக்கு மனசு கனத்தது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

“ஒருசந்தி நாள்ல யாருக்கு அப்பளம், மேரி? தர்மா கெளம்புனதும் கொதிக்கிற எண்ணெயில தண்ணி ஊத்தியிருக்கீங்க. அதான் தெறிச்சிருக்கு. மீதித் தண்ணி டேங்க் அடியில தங்கிருச்சு.”

ஐவன் வாயைப் பிளந்தான். மேரி தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“இந்த டேங்க் முடிஞ்சதும் போயிருவேன்னு தர்மா சொன்னான். கெட்டுப்போனா இன்னும் ஒரு மாசம் இருப்பான்னு நெனச்சேன். அவனும் போயிட்டா, நாள் முழுக்கப் பேச ஒரு ஆள் இல்ல.”

“போலீஸுன்னு சொன்னப்பகூட வாயத் தொறக்கலயே, அக்கா,” என்றான் தர்மா.

மேரி முந்தானையால் கொப்புளத்தை மூடிக்கொண்டார்.

தர்மா பையை எடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டினான். கிளம்பும்முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“இருடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இருந்திருப்பேன்.”