ஏழு இசைத்தட்டுகளில் ஒரு பெயர்

பெரியகல்லாற்றில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. சுனாமி வந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. சுற்றியிருந்த வீடுகளெல்லாம் புதுச் சுவரும் புதுக் கூரையுமாக எழும்பிவிட்டன. வல்லிபுரத்தாரின் வீட்டுச் சுவரில் மட்டும் அன்று தண்ணீர் நின்ற அடையாளம், என் தலைக்கு மேலே, பழுப்புக் கோடாக அப்படியே கிடந்தது. வெள்ளையடிக்க ஆள் கிடைக்காமல் இல்லை. மனுசன் அடிக்க விடவில்லை.

நான் குருக்கள்மடத்தில் ரேடியோ திருத்துகிறவன். பேய் பேசுகிறது என்று யாராவது பெட்டியைக் கொண்டுவந்தால், வயரைப் பார் என்று சொல்லி அனுப்புகிற ஆள். இதை எழுதுவதற்கே எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வல்லிபுரத்தார் வாலிபத்தில் கப்பலில் வேலை செய்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் துறைமுகக் கடைகளில் வாங்கிய றொக் அண்ட் றோல் இசைத்தட்டுகள் ஏழு அவரிடம் இருந்தன. விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் நான் போயிருந்தேன். றங்குப்பெட்டியைத் திறந்து காட்டினார். சுனாமியன்று அந்தப் பெட்டி மிதந்து போய்க் கூரைமரத்தில் சிக்கி நின்றதாம். உறைகள் கூழாகிவிட்டன, தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய ஒரே மகள் வசந்தாதேவியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஏழு தட்டின் லேபிளிலும், நீலக் குமிழ்முனைப் பேனாவால், உருண்டை உருண்டையாக ஒரே பெயர் எழுதியிருந்தது. வசந்தாதேவி, பெரியகல்லாறு. பத்து வயதில் எழுதினாளாம். பெட்டிக்குள் நின்ற உப்புத் தண்ணீரில் மூன்று நாள் ஊறியும் மை கலையவில்லை.

"நினைவுக் கல்லில அவட பேரை வெட்டக் கேட்டாங்க. உடம்பைக் காணாம எப்படித் தம்பி வெட்டுற?" என்றார். "மத்த எல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டு. அவட பேர் இதில மட்டுந்தான் கிடக்கு. வெளிநாட்டில எவனாவது தட்டைத் திருப்பேக்க அந்தப் பேரை வாசிப்பான்தானே. எனக்கு அது போதும்."

அதற்காகத்தான் கொடுத்தார். சொன்ன விலையும் பெயருக்கு ஒரு விலைதான். பெயர் அப்படியே போகும் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

காத்தான்குடியில் பழைய சாமான் வாங்கி விற்கும் முகைதீன்பாவா நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில், வழுவழுப்பான பகுதியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு எண் கீறியிருந்தது. அந்த எண்ணை வைத்துத்தான் முதல் அச்சா, பிறகு அடித்ததா என்று சொல்வார்களாம். ஏழும் முதல் அச்சு.

பிறகு லேபிளைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"பேர் எழுதின தட்டுக்குப் பாதி விலைதான் தம்பி. சேர்க்கிற ஆக்கள் லேபிளைத்தான் முதல்ல பாப்பாங்க. பேர் இல்லாட்டி ரெண்டு லட்சம் தருவன்."

அந்த இரண்டு லட்சத்துக்கு எனக்குத் தேவை இருந்தது. என் மனைவி உசாந்தியின் தம்பி கிருஷாந் மேசன் வேலைக்கு வன்னிக்குப் போய்ப் போரில் அகப்பட்டவன். மே மாதம் எல்லாம் முடிந்த பிறகு வவுனியா முகாமில் உயிரோடு இருப்பதாகக் கடிதம் வந்தது. முகாமிலிருந்து விடப்போகிறவர்களின் பட்டியலில் பெயரைச் சேர்க்க இடையில் நின்ற ஒருவன் கேட்ட தொகை சரியாக அதேதான். உசாந்தி மூன்று மாதமாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் கடைக்குள் உட்கார்ந்தேன். வெளியே தார் உருகும் வெயில். கரண்ட் இல்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, முதல் தட்டின் லேபிளில் மெதுவாக ஒற்றினேன். மை இளகி வந்தது. ஒரு பெண்ணின் பெயரைத் துடைக்கிறேன் என்று தெரியாமல் துடைக்கவில்லை. தெரிந்துதான் துடைத்தேன்.

மூன்றாவது தட்டில் சேற்று வாடை வந்தது. வாவிக்கரையில் தண்ணீர் வற்றும்போது வருமே, அந்த வாடை.

ஐந்தாவதில், திருத்த வந்திருந்த றெக்கோட் பிளேயர் ஒன்று மூலையில் சுற்றத் தொடங்கியது. மேலே தட்டு இல்லை.

டிக்.

பாட்டு முடிந்த பிறகு ஊசி தட்டுமே, அந்தச் சத்தம்.

டிக்.

வயரைப் பார்த்தேன். சொருகவே இல்லை.

எழும்பி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இன்னும் இரண்டுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன். ஏழாவது லேபிள் வெள்ளையானதும் பிளேயர் நின்றது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. உசாந்தி முன்வாசலில் நின்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு.

"இஞ்சேருங்க, ஒரு பிள்ளை பதிய வந்திச்சு," என்றாள்.

அந்த நாட்களில் எங்கள் பக்கம் அது வழமை. கோப்போடு யாராவது வருவார்கள், காணாமல் போனவர்கள், முகாமில் இருப்பவர்கள் என்று பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். யார், எந்த அலுவலகம் என்று ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை. எந்தக் கோப்பில் யாருடைய கண் படும் என்று யாருக்குத் தெரியும்? பெயரைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"தம்பிட பேரைக் கேட்டுது. சொன்னன். வடிவான உருண்டை எழுத்து."

வாசலில் போட்டிருந்த கதிரையைப் பார்த்தேன்.

இருக்கையில் தண்ணீர் தேங்கி நின்றது.

மழை பெய்து இரண்டு மாதம்.

ஆனாலும் அன்று பின்னேரமே தட்டுகளைக் கொண்டுபோய் விற்றேன். பயத்தை விட அவளுடைய பிசைந்த சோறு பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

பணம் கைமாறியது. பத்தாம் நாள், பெயர் ஏறிவிட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக இடையில் நின்றவன் தொலைபேசியில் சொன்னான். உசாந்தி புதுச் சாரம் ஒன்று வாங்கி என் பையில் வைத்தாள், தம்பி உடுத்திக்கொண்டு வருவதற்கு.

வவுனியாவில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். நூற்றுப் பதினேழாவது இலக்கம் என்று சொல்லியிருந்தான். நூற்றுப் பதினாறில் ஒரு பெயர் இருந்தது. நூற்றுப் பதினெட்டில் ஒரு பெயர் இருந்தது.

நடுவில் வெள்ளை.

விரலால் தொட்டேன். அந்த இடத்தில் மட்டும் தாள் ஈரமாக இருந்தது.

உள்ளே மூன்று பேரிடம் கேட்டேன். அப்படி ஒருவர் இங்கே இருந்ததே இல்லை என்றார்கள். அவனோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன் என்று கடிதத்தில் எழுதியிருந்த பையன்கூட, யாரைக் கேட்கிறீர்கள் அண்ணா என்றான்.

திரும்பி வந்து, தட்டுகளைத் திருப்பிக் கேட்க நேரே காத்தான்குடிக்குப் போனேன். முகைதீன்பாவா நானா சண்டை பிடிக்கவில்லை, காசையும் கேட்கவில்லை. பெட்டியை என் முன்னால் தள்ளிவைத்து, "கொண்டு போங்க தம்பி. நேற்று வரைக்கும் இதில பேர் இல்ல," என்றார்.

ஏழு லேபிளிலும் நீல மை. கிருஷாந், குருக்கள்மடம்.

வல்லிபுரத்தாரிடம் கொண்டுபோய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஒரு தட்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து அவட எழுத்துத்தான்," என்றார். பிறகு தட்டை என் கையிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் உசாந்தி என் பையிலிருந்து புதுச் சாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ட தம்பிட பேர் என்னப்பா? காலையில இருந்து யோசிக்கன். வருதில்ல."

தட்டை எடுத்து வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். அன்று முதல் தினமும் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஒருநாள் தவறினால் ஒரு எழுத்து கலைந்துவிடுகிறது. காய்ச்சலில் இரண்டு நாள் கிடந்தேன். இப்போது பெயரில் 'கிரு' மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் லேபிளில் திரும்ப எழுதிப் பார்த்தேன், வசந்தாதேவியின் பெயரையும் எழுதிப் பார்த்தேன். பேனா கீறுகிறது, மை ஒட்டவில்லை.

கோப்போடு யார் வந்தாலும் வாய் திறக்காதே என்று உசாந்தியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆனால் தம்பியை விடுவிக்க என்று ஒருத்தி வந்து கேட்டால் அவள் எதைத்தான் சொல்லமாட்டாள்?

இதை மத்தியானத்தில் கடைக்குள் இருந்து எழுதுகிறேன். கரண்ட் இல்லை. சேற்று வாடை அடிக்கிறது. மூலையில் பிளேயர் சுற்றுகிறது.

டிக்.

முன்வாசலில் கதிரை இழுபடும் சத்தம் கேட்கிறது.

"இரிங்க மகள்," என்கிறாள் உசாந்தி. பிறகு, எழுதுகிறவளுக்கு வசதியாக, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக, என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.