பூட்டில்லாத கத்தி

காலை ஆறே முக்கால். உலர்த்தும் மாடிக்கு முதலில் ஏறியவள் மிஹோ. அவள் அலறவில்லை. படியில் பாதி இறங்கி வந்து, "அப்பா, கொஞ்சம் மேல வாங்க" என்றாள். கீழே உரிப்பு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த நான், அந்தக் குரலைக் கேட்டுக் கையைத் துடைக்காமலே முதலாளியின் பின்னால் ஏறினேன்.

தெற்குச் சன்னலோரம் ஒரு வரிசை முழுவதும் காலி. தோலுரித்த பெர்சிமன் பழங்களைச் சரடில் கோத்து, மேலே மூங்கிலில் கட்டி, திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டிருந்தோம். இப்போது மூங்கிலில் நீலச் சரடின் நுனிகள் மட்டும் ஆடின. பழங்கள் தரையில் நசுங்கிக் கிடந்தன. மற்ற வரிசைகளை யாரும் தொடவில்லை.

எந்த வரிசை என்று தெரிந்தே வெட்டியிருக்கிறார்கள். அது வீட்டுப் பழைய மரத்தின் காய். ஷிமோஹிரா முதலாளி அதை விற்பதில்லை. இந்த வருஷம் அதன் முதல் பெட்டியை வைத்துத்தான் புத்தாண்டன்று மகள் மிஹோவின் நிச்சயத்தை ஊருக்குச் சொல்வதாக இருந்தார். மாப்பிள்ளை இசாமு, எங்கள் கொட்டகையில் வேலை செய்பவன். மகன் இல்லாத வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஷிமோஹிரா என்ற பெயரையும் தோட்டத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியவன். மாலையில் என்னோடு பேருந்தில் போய் இரவுப் பள்ளியில் ஒரே வகுப்பில் உட்காருபவன்.

முதலாளி ஒரு சரட்டு நுனியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அறுந்ததில்ல. வெட்டினது" என்றார்.

ஏழரைக்கு நோகிவா வந்தார். எங்கள் ஊருக்கு ஒரே போலீஸ்காரர். நிலையமும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் மேசை, பின்னறையில் அடுப்பு. அவர் ரோந்து போகும்போது தொலைபேசி எடுப்பதும், வழி கேட்பவர்களுக்குப் படம் வரைவதும், சாவி தொலைத்தவர்களைத் திட்டுவதும் அவர் மனைவி ஷிசுயே அக்கா. அன்றும் கணவருக்குப் பின்னால் ஏப்ரனோடு வந்து, வாசலில் நின்றுகொண்டார்.

"எல்லாரும் கத்திய எடுத்து வைங்க" என்றார் நோகிவா.

எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் யாரும் திகைப்பதில்லை. கயிறு, மூட்டை, பென்சில், மரக்கிளை என்று எல்லாவற்றுக்கும் பாக்கெட்டில் கத்தி இருக்கும். தேநீர்ப் பலகைமேல் மூன்று கத்திகள் வந்தன. முதலாளியின் வளைந்த கிளைவெட்டி. அவர் அண்ணன் மகன் ரியோஜியின் வெளிநாட்டுக் கத்தி. கறுப்புப் பிடி, பாக்கெட்டில் மாட்ட ஒரு கொக்கி. இசாமுவுடையது ஹிகோ என்று சொல்கிற மடக்குக் கத்தி. மடித்த தகடுதான் அதற்குப் பிடி. அலகின் பின்னால் நாக்கு மாதிரி ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும்.

ரியோஜி கோடையில்தான் தோக்கியோவிலிருந்து வந்திருந்தான். அந்த ஹிகோவைப் பார்த்துச் சிரித்தான்.

"இதெல்லாம் அந்தக் காலத்துல பள்ளிக்கூடப் பசங்க பென்சில் சீவுறது. பூட்டுகூடக் கிடையாது. என்னோடத பாருங்க." அவன் தன் கத்தியைத் திறந்தான். 'டக்' என்று ஒரு சத்தம். "பூட்டிக்கிச்சு. இனி யானை மிதிச்சாலும் மடங்காது."

"இங்க யானை வராது தம்பி" என்றார் நோகிவா. அவர் இசாமுவின் கத்தியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். அலகு சுழலும் ஆணியில் ஒரு நூலிழை சிக்கியிருந்தது. நீலம்.

நோகிவா இசாமுவின் பக்கம் திரும்பினார்.

"சரடு வெட்ட எத எடுப்பீங்க?"

"கத்தரிக்கோல்" என்றான் இசாமு. "அங்க ஆணியில தொங்குது."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

"தெரியல."

"நேத்து ராத்திரி?"

"ஒன்பதே முக்கால் பஸ்ல வந்தேன். இந்தக் கொட்டகை வழியாத்தான் நடந்தேன். உள்ள வரல."

"கூட யாரு?"

"சாயோ முந்தின நிறுத்தத்துலயே இறங்கிட்டா" என்று என் பக்கம் தலையசைத்தான். "நான் மட்டுந்தான்."

"யாராச்சும் உன் கத்திய எடுத்திருக்கலாமா?"

"அத நான் எப்படிச் சொல்றது" என்றான் இசாமு. யாரையும் கைகாட்டுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. அது நல்ல குணம் என்று வேறு எந்த நாளிலும் சொல்லியிருப்பேன்.

அவன்மேல் சந்தேகப்படக் காரணமும் இருந்தது. இரண்டு நாள் முன்பு, வாங்க வந்தவர்கள் எதிரில் அவன் கத்தியை எடுத்துப் பெட்டி நாடாவை வெட்டினான். அவர்கள் போனதும் முதலாளி வெடித்தார். "டவுன் ஸ்டேஷன்ல உன்ன நிறுத்திச் சோதனை போட்டாங்களாமே. கத்தி வச்சிருக்கிற பையன்னு பேர் வாங்கிட்டு என் வீட்டுக்கு வர்றியா? அத விட்டுட்டு வா, இல்ல வராத." இசாமுவும் சும்மா இருக்கவில்லை. "உங்க பாக்கெட்லயும் ஒண்ணு இருக்கே ஐயா" என்றான். எல்லோரும் கேட்டோம். ரியோஜி மட்டும் சிரித்தான்.

என்னிடம் இன்னொன்றும் இருந்தது. சொல்லலாமா கூடாதா என்று மூன்று தடவை மனதுக்குள் எழுதி மூன்று தடவையும் அடித்தேன். கடைசியில், பார்த்ததை மறைப்பதும் பொய்தான் என்று தோன்றியது.

"நேத்து வகுப்புல அவன் கத்தியத் துடைச்சான்" என்றேன். "நான் பார்த்தேன். அலகு பிசுபிசுன்னு இருந்துச்சு. தாளால துடைச்சான்."

இசாமு என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இது போதும்" என்றார் நோகிவா. கத்தியை ஒரு துண்டில் சுற்றினார். "மூணு மணிக்கு டவுன்லேர்ந்து வண்டி வரும். இசாமு, அதுவரைக்கும் எங்கயும் போகாத."

முதலாளி இசாமுவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வண்டி வந்து உன்ன ஏத்திக்கிட்டுப் போச்சுன்னா, திரும்பி இந்த வாசலுக்கு வராத." மிஹோ வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்றும் இயந்திரத்தை ஓட்டினோம். பழுத்த காய் யாருக்கும் காத்திருக்காது. இசாமு வழக்கம் போல என் பக்கத்தில் நின்றான். இயந்திரம் தோலை உரித்துத் தள்ளும். காம்பைச் சுற்றி மிஞ்சும் வளையத்தை நாங்கள் சின்னக் கத்தியால் சீவ வேண்டும். இடது கையில் பழம், வலது கையில் கத்தி. அந்தப் பருவத்தில் ஊரில் பிளாஸ்திரி இல்லாத கையைப் பார்ப்பது அபூர்வம். எனக்கு இடது ஆள்காட்டி விரலில் ஒன்று, வலது கட்டைவிரல் நுனியில் ஒன்று. ரியோஜிக்கு வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டு. அது முந்தின நாள் மூன்று மணித் தேநீருக்கே வந்துவிட்டது. "காம்பு சீவினேன், வழுக்கிடுச்சு" என்று அப்போது சொன்னான். "தோக்கியோ கை, வெண்ணெய்க் கை" என்று முதலாளிகூடச் சிரித்தார்.

நான் இசாமுவிடம் பேச முயன்றேன். இயந்திரச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்காது. மாடியில் மூட்டை விழுந்தால்கூடத் தெரியாது.

இரண்டே முக்காலுக்கு ஷிசுயே அக்கா தனியாக வந்தார். கையில் அதே துண்டுப் பொட்டலம்.

"அவர் வண்டிக்காக ரோட்டுல நிக்கிறாரு" என்றார். "எனக்கு ஒரு வாய் டீ கிடைக்குமா?"

இயந்திரத்தை நிறுத்தினோம். முதலாளி தேநீர் ஊற்றினார். உப்பில் ஊறிய கீரை ஒரு தட்டில் வந்தது. ரியோஜி இடது கையால் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடித்துக் கீரையைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"சாயோ" என்றார் அக்கா. "நீ காலையில சொன்னத மறுபடி சொல்லு. மெதுவா. நேரத்தோட."

"வகுப்பு அஞ்சே முக்காலுக்கு ஆரம்பிச்சது. கணக்குப் பாடம். பென்சில் சீவணும்னு அவன் கத்திய எடுத்தான். ஆறு மணி இருக்கும். உறுதியா... ஆமா, முதல் மணி அடிக்கல."

"எடுத்ததும் துடைச்சானா? சீவிட்டுத் துடைச்சானா?"

நான் கண்ணை மூடி யோசித்தேன். "திறக்கவே கஷ்டப்பட்டான். திறந்து பார்த்துட்டு, 'இது என்னடா'ன்னான். அப்புறம் துடைச்சான்."

"அலகு என்ன நிறம்?"

"கறுப்பா. பச்சக்காய்ச் சாறு பட்ட இரும்பு மாதிரி."

"இசாமு, நீ கத்திய அழுக்கோட மடிப்பியா?"

"மடிக்க மாட்டேன் அக்கா. துடைச்சு எண்ணெய் தடவித்தான் மடிப்பேன். துரு பிடிச்சுடும்."

"அத ஊரே சொல்லுது, நீ கத்திக்குத் தலை வாரி விடுறவன்னு." அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "சரி. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கே கத்தியில சாறு இருந்திருக்கு. அப்ப சரம் ராத்திரி அறுபடல. பகல்லயே அறுந்திருக்கு. யாரும் மேல ஏறிப் பார்க்கல, அவ்வளவுதான். கடைசியா மேல போனது யாரு?"

"நான்" என்றார் முதலாளி. "ஒன்றரைக்கு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"ஒன்றரையிலேர்ந்து பஸ் ஏறுற வரைக்கும் இசாமு எங்க இருந்தான்?"

"என் பக்கத்துல" என்றேன். "ஒரு நிமிஷம்கூட நகரல. அவன் சட்டை அங்க ஆணியில தொங்குச்சு. கத்தி அதோட பாக்கெட்ல."

கத்தியைத் துடைத்தான் என்று காலையில் நான் சொன்ன அதே விஷயம்தான் இப்போது அவனைத் தூக்கிவிட்டது. அவனைக் கவிழ்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இயந்திரம் ஓடும்போதுதான் வெட்டணும், இல்லன்னா விழுற சத்தம் கேக்கும்" என்றார் அக்கா. "தேநீருக்கு மூணு மணிக்கு நிறுத்தினீங்க. அதுக்கு முன்ன இங்கேயிருந்து நகர்ந்தது யாரு?"

"நான் சங்கத்துக்குப் பெட்டி வாங்கப் போனேன்" என்றார் முதலாளி. "மிஹோ சமையல்ல இருந்தா. ரியோஜி..." அங்கே நிறுத்தினார்.

"நான் பின்னால உக்காந்து காம்பு சீவிட்டிருந்தேன் சித்தப்பா. அதான் கை வெட்டுச்சே."

"அதத்தான் கேக்கணும்னு வந்தேன்" என்றார் அக்கா. ஒரு பழத்தையும் சீவுகிற கத்தியையும் எடுத்து அவன் முன்னால் வைத்தார். "எப்படி வெட்டுச்சுன்னு காட்டுங்க தம்பி."

ரியோஜி சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தான். வலது கையால் எடுத்தான். இடது கையில் பழம். ஒரு சீவு சீவினான். பிறகு அவன் கை அப்படியே நின்றது.

கட்டுப் போட்ட இரண்டு விரலும் கத்தியின் பிடியைச் சுற்றியிருந்தன.

"பழம் பிடிக்கிற கை வெட்டுப்படலாம்" என்றார் அக்கா. "சாயோ மாதிரி கட்டைவிரல் நுனியில படலாம். கத்தியப் பிடிச்சிருக்கிற விரலோட உள்பக்கத்த அந்தக் கத்தியே எப்படி வெட்டும்?"

"இடது கையால சீவினேன்."

"எப்பலேர்ந்து நீ இடது கைக்காரன்?" என்றார் முதலாளி. "கீரையக்கூடப் பிடிக்கத் தெரியல."

"என் கத்தியால சீவினேன். அது மடங்கிடுச்சு, போதுமா?"

இசாமுதான் வாயைத் திறந்தான், அன்று முதல் தடவையாக மெல்லச் சிரித்து. "யானை மிதிச்சாலும் மடங்காதே அண்ணா."

அக்கா துண்டை விரித்து ஹிகோவைத் திறந்தார். "இதுக்குப் பூட்டு கிடையாது. பிடிக்கிறவன் கட்டைவிரல்தான் பூட்டு. இந்த வால அழுத்திக்கிட்டே வெட்டணும். இங்கே பிறந்த எல்லாருக்கும் விரலே அதச் செய்யும். பூட்டுக் கத்தியிலயே பழகினவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சரடு அறுந்த வேகத்துல கத்தியோட முதுகு மூங்கில்ல இடிச்சிருக்கும். வாலு மேல விரல் இல்ல. அலகு மடங்கி விரல்மேல விழுந்திருக்கு."

வெள்ளைத் தாளை மடித்துக் கத்திப் பிடியின் பிளவுக்குள் விட்டு இழுத்தார். தாளில் கறுப்புச் சாறு. அதற்குள்ளே செங்காவிக் கோடு.

"அலகுல இருந்த ரத்தத்த மேலாகத் துடைச்சுட்டு மடிச்சிருக்காங்க. உள்ள துடைக்க முடியாது. இசாமு, கைய விரி."

இசாமு இரண்டு கையையும் விரித்தான். காய்ப்பு இருந்தது, கறை இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"அந்தக் கட்ட அவிழ்க்கிறீங்களா தம்பி, இல்ல டவுன்ல டாக்டர் அவிழ்க்கட்டுமா?"

ரியோஜி அவிழ்க்கவில்லை. முதலாளியைப் பார்த்துத்தான் பேசினான். "மூத்தவர் மகன் நான் இருக்கேன் சித்தப்பா. எங்கேயோ கிடந்த ஒரு கூலிக்காரனுக்கு நம்ம பேரா?"

"உங்கப்பா இந்தப் பேர வேண்டாம்னு உதறிட்டுத் தோக்கியோ போனாரு" என்றார் முதலாளி. "நீ கேட்டிருந்தா ஒரு பங்கு குடுத்திருப்பேன். கேக்காம வெட்டிட்ட."

ரோட்டில் வண்டியின் சத்தம் கேட்டது. அக்கா ஏப்ரனைத் தட்டிவிட்டு எழுந்தார். ரியோஜியும் எழுந்து அவருக்கு முன்னால் நடந்தான். கட்டுப் போட்ட கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

கத்தி தேநீர்ப் பலகைமேல் கிடந்தது. அக்கா மறந்து விட்டுப்போனாரா, வேண்டுமென்றே வைத்தாரா, எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. எப்படியும் சாட்சியத்துக்கு வேண்டுமென்று நோகிவா பத்தே நிமிஷத்தில் ஓடி வந்து எடுத்துப்போனார். வசந்தத்தில்தான் அது திரும்பி வந்தது.

அது வந்த அன்று மிஹோதான் தேநீர் கொண்டுவந்தாள். பொட்டலம் முதலாளி கையில் இருந்தது. இசாமு கை நீட்டினான். முதலாளி கொடுக்கவில்லை. கத்தியைத் தேநீர்ப் பலகைமேல் வைத்து, விரலால் அவன் பக்கம் தள்ளினார்.

"நான் குடுக்கல. நீயா எடுத்துக்கோ" என்றார். "கத்திய கையில குடுத்தா உறவு அறுந்துடும்பாங்க."

இசாமு எடுத்தான். திறந்தான். கட்டைவிரல் தானாகவே வால்மேல் போய் உட்கார்ந்தது. முதலாளி அந்த விரலைப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்த புது நீலச் சரட்டுச் சுருளை அவனிடம் உருட்டிவிட்டார்.

"கத்தரிக்கோல் மொண்ணையாயிடுச்சு" என்றார். "வெட்டு, மாப்ள."