பதில் சொல்லாத விருந்தாளி

கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரவில்லை. சேனாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மத்தியானம். வெளியே மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வார்டின் கடைசி அறையில், கணவன் இனோக்கேயின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, அவித்த மரவள்ளிக் கிழங்கையும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனையும் அவள் எடுத்து வைத்தாள். வாசல் திரைக்குக் கீழே யாரோ நடந்து போகும் கால்கள் தெரிந்தன. "வாங்க, சாப்பிடலாம்!" என்று குரல் கொடுத்தாள். யாரென்று பார்க்கவில்லை. சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கடந்து போகிறவரைக் கூப்பிடாமல் இருந்தால் ஃபிஜியில் அதைவிட மானக்கேடு கிடையாது. அவரும் "நன்றி, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போவார். அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

இந்தக் கால்கள் போகவில்லை. நின்றன. ஈரமான பாதங்கள் மெல்ல அறையின் பக்கம் திரும்பின.

"ராஜ்மதி, யாரு போறது?"

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ராஜ்மதி, ஆரஞ்சு உரித்தபடியே எட்டிப் பார்த்தாள். "யாரும் இல்லையே. இதைத் தாண்டினா சுவருதான். சுவத்துக்குள்ளயா போவாங்க? பட்டினி கிடந்து உனக்குக் கண்ணு இருட்டுது, முதல்ல நீ சாப்பிடு."

சேனா எழுந்து போய்த் திரையை விலக்கினாள். நடைபாதை காலியாக இருந்தது. தரையில் கறுப்புச் சேற்றுத் தடங்கள் வாசலைத் தாண்டி இரண்டடி உள்ளே வந்திருந்தன. திரும்பிப் போன தடம் எங்கும் இல்லை.

சர்க்கரை நோயில் இனோக்கேயின் வலது பாதம் கட்டுக்குள் அழுகிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். "அதுக்குள்ள நல்லா சாப்பிட வையுங்க, உடம்புல தெம்பு இல்லைன்னா நான் கத்தியையே தொட மாட்டேன்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்று வெள்ளி. ஒரு காலத்தில் கரும்பு லாரியை ஓட்டிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி பாடிய மனுஷன், இப்போது தலையணையில் ஒரு பள்ளம்கூட விழாமல் படுத்திருந்தான். இவன் இல்லாத வீட்டுக்குத் தனியாகத் திரும்புவதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கிண்ணம் காலியாயிற்று. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"எனக்கு எப்பக் குடுப்ப, விக்கா அம்மா?" என்றான் இனோக்கே.

மகள் விக்கா பிறந்த நாளிலிருந்து அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"இவ்வளவு நேரம் வேற யாருக்கு ஊட்டினேனாம்?"

"நீ கூப்பிட்டவனுக்கு."

காய்ச்சல் பேச்சு என்று சிரித்துக்கொண்டே வாயைத் துடைக்கப் போனாள். அவன் உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. ஒரு சொட்டுக் குழம்பு படவில்லை.

மறுநாள் அவன் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. "வீட்டுச் சாப்பாட்டை நீங்களே முடிச்சிடுறீங்களா, மேடம்?" என்று நர்ஸ் கிண்டலாகக் கேட்டாள். சேனாவுக்கு முகம் எரிந்தது. அன்று மத்தியானம் அவள் ஊட்டும்போது கட்டிலுக்கு அடியில் சத்தம் கேட்டது. முதலில் மெல்லும் சத்தம், பிறகு மீன் முள் நொறுங்கும் சத்தம், பிறகு எதையோ அவசரமாக விழுங்கும் சத்தம். கூடவே, கடல் வற்றிய நேரத்தில் அலையாத்திக் காட்டிலிருந்து வருகிற அழுகிய சேற்று வாடை. குனிந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. யாரிடம் சொல்வது? வா என்று கூப்பிட்டவளே அவள்தானே! பாயில் உட்கார்ந்துவிட்ட விருந்தாளியை எழுந்து போ என்று எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் பக்கத்து வார்டில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் காலிக் கிண்ணத்தைப் பாயில் கவிழ்த்து வைத்தாள்.

"சாப்பாடு தீர்ந்துபோச்சு. சொல்ல எனக்கு வெட்கமாத்தான் இருக்கு. ஆனா இவர் பிழைக்கணும். எழுந்து போங்க."

மெல்லும் சத்தம் நின்றது. வாடை அடங்கியது.

கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

இனோக்கே கண்ணைத் திறந்தான். யாரும் தூக்காமல் தானே எழுந்து உட்கார்ந்தான். "பசிக்குது, சேனா."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கூடையில் ஒதுக்கி வைத்திருந்த மீனை எடுத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் அள்ளித் தின்றான்.

"அட, மனுஷன் எழுந்துட்டாரே! இரு, நர்ஸைக் கூட்டிட்டு வரேன்" என்று ராஜ்மதி ஓடினாள்.

அவன் தின்றான். தலையைத் தின்றான். முள்ளைத் தின்றான். முள் நொறுங்கியது.

சேனா.

விக்கா பிறந்த பிறகு அவன் ஒருநாளும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவள் பார்வை கீழே போனது. போர்வை ஓரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது. இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஈரமாக. முழுசாக. கட்டு இல்லை.

நடைபாதையில் காலடிச் சத்தம். ஒரு கால் ஊன்றியது. ஒரு கால் இழுபட்டது.

திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்று வெறுங்கால். மற்றொன்றில், இன்று காலையில் அவள் கண்முன்னே நர்ஸ் போட்ட புதுக்கட்டு.

கட்டிலில் இருந்தது நிமிர்ந்தது. வாய் நிறையச் சோற்றோடு கூப்பிடுகிறவரைப் போல, மீனை மென்றுகொண்டே, "வாங்க, சாப்பிடலாம்!" என்றது.

பாதங்கள் ஒரு நொடி தயங்கின.

"நன்றி" என்றது இனோக்கேயின் குரல், களைப்பாக, மரியாதையாக. "நீங்க சாப்பிடுங்க. வரேன், விக்கா அம்மா."

கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து, அந்தப் பாதங்கள் சுவர் இருந்த பக்கமாக நடந்து போயின.